மேல்பக்கம் வாசித்த இமெல்டா அக்கா

அன்று காலை சண்டிலிப்பாய் வீட்டு முற்றத்தில் வெங்காயம் பரப்பிக்கொண்டிருந்தேன். குருநகரிலிருந்து ஜெனிற்றா போன் எடுத்தாள்.

"அன்ரி, அம்மா எங்களை விட்டிட்டுப் போட்டா."

நான் கேட்ட முதல் கேள்வி, "இண்டைக்கு என்ன கிழமை?" என்பது. ஞாயிற்றுக்கிழமை என்றாள். அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

இமெல்டா அக்காவைத் தாதியாக அறிந்தவர்கள் பலர். குருநகர்க் கத்தோலிக்கக் கோவிலில் ஓகன் வாசித்தவராக அறிந்தவர்களும் உண்டு. நான் அவரோடு ஒரே வாங்குப் பலகையில் இருந்து பியானோ வாசித்தவள். அவர் வலப்பக்கம், நான் இடப்பக்கம். அந்த உறவைப் பற்றி எழுத என்னை விட்டால் வேறு ஆளில்லை. எழுதும் தகுதி எனக்கு இருக்கிறதா என்பதை இறுதிவரை வாசிப்பவர்கள் தீர்மானிக்கட்டும்.

போர்க்காலத்தில் இருவரும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை செய்தோம். அக்கா பிள்ளைகள் வாட்டில் தாதி, நான் மருந்தகத்தில். அவருடைய கணவர் கடலுக்குப் போய்த் திரும்பி வராதவர். கையில் ஜெனிற்றா, அப்போது குழந்தை. மானிப்பாயில் ஒரு டொக்டர் குடும்பம் வெளிநாடு போகும்போது வீட்டுச் சாவியை என்னிடம் தந்திருந்தது. அந்த வீட்டில் ஒரு பியானோவும், ஓர் அலுமாரி நிறைய ஐரோப்பிய இசைப் புத்தகங்களும் இருந்தன. இதைக் கேள்விப்பட்ட அக்கா அடுத்த ஞாயிறே சைக்கிளில் வந்து இறங்கினார். டெற்றோல் மணக்கும் விரல்களால் பியானோவைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏழு கட்டை பேசாது. பறவாயில்லை, மிச்சம் கதைக்கும்" என்றார்.

அந்த அலுமாரியில்தான் நான்கு கைகளுக்கு எழுதப்பட்ட புத்தகம் அகப்பட்டது. அட்டை இல்லை. ஒரே பியானோவில் இருவர் அருகருகே இருந்து வாசிப்பதற்கானது. விரித்தால் இடப்பக்கத் தாளில் கீழ்ச்சுரங்கள் வாசிப்பவருடைய பகுதி, வலப்பக்கத் தாளில் மேல்சுரங்கள் வாசிப்பவருடையது. ஐரோப்பாவில் அந்த நூற்றாண்டில் வானொலி இல்லை, இசைத்தட்டு இல்லை. ஒரு பெரிய வாத்தியக்குழுவின் இசையைக் கேட்க ஆசைப்பட்ட வீட்டார், இருவராகப் பியானோவுக்கு முன்னால் இருந்து தாங்களே வாசித்துத்தான் கேட்டார்கள். இதை நான் வாசித்துச் சொன்னபோது அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

"அவைக்கும் கரண்ட் இல்லை, எங்களுக்கும் கரண்ட் இல்லை. பற்றறியும் தடை. அப்ப நாங்களும் அவையின்ரை காலத்திலைதானே இருக்கிறம் கௌரி!"

அந்த இசையமைப்பாளர்களை அவர் பெயர் சொல்லி அழைத்ததை நான் கேட்டதில்லை. எங்கள் புத்தகத்தை எழுதியவர் அவருக்கு "வியன்னாத் தம்பி". கட்டைத் தோற்றமும் மூக்குக்கண்ணாடியுமாக முப்பத்தொரு வயதில் இறந்துபோனவர். பாரிசில் இருமி இருமி உயிர்விட்டவர் "போலந்துக்காரர்". விரலுக்குப் பயிற்சி கொடுக்கப் போய் விரலையே கெடுத்து, பிறகு மனம் பேதலித்து ஆற்றில் குதித்தவர் "பாவப்பட்ட ஜெர்மன்காரர்". அந்த ஜெர்மன்காரரின் மனைவி பியானோ வாசித்துப் பிள்ளைகளைக் காப்பாற்றியவர் என்று அறிந்ததும், "அந்த மனிசிக்கு என்ரை கும்பிடு" என்றார். நானும் அவர்களை அக்கா அழைத்தபடியே இங்கே எழுதுகிறேன்.

ஆனால் அதே அலுமாரியில் இருந்த அவர்களுடைய வாழ்க்கை வரலாறுகளை அவர் வாசித்தது தாதியின் கண்ணால். மதியச் சாப்பாட்டு நேரத்தில் புத்தகத்தை விரித்து வைத்து, இது கசரோகம், இது நெருப்புக்காய்ச்சல், அதாவது டைபோயிட் என்று ஒவ்வொருவருக்கும் வருத்தம் கண்டுபிடிப்பார். ஒருநாள் திடீரென்று புத்தகத்தை மூடினார். காலையில் அவருடைய வாட்டில் ஒரு பெண்பிள்ளை நெருப்புக்காய்ச்சலில் இறந்திருந்தது. கொடுக்கவேண்டிய மருந்து என்னுடைய மருந்தகத்தில் இருக்கவில்லை.

"வியன்னாத் தம்பி செத்த அதே வருத்தம். அவருக்கு மருந்து கண்டுபிடிக்கேல்லை. இந்தப் பிள்ளைக்குக் கண்டுபிடிச்சும் வரேல்லை" என்றார். அன்றைக்குப் பிறகு நாங்கள் அவர்கள் காலத்தில் இருக்கிறோம் என்று சொல்லி அவர் சிரித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வாசித்தோம். அவர் நாடி பிடிக்கிற கணக்கில் ஒன்று, இரண்டு என்று எண்ணுவார். என் முழங்கை அவர் பக்கம் போனால் இடித்துத் தள்ளுவார். அவர் விதித்த சட்டம் ஒன்றுதான்: வாசித்துப் போய்ச் சேரும்வரை முன்னால் உள்ள தாளைப் புரட்டிப் பார்க்கக்கூடாது. "முன்னுக்குப் பாக்காதை. வாற நேரம் வரட்டும்." ஹெலியும் ஷெல்லும் இடையிடையே கலைக்க, ஒவ்வொரு தாளாக முன்னேறினோம். முடிவுக்குக் கிட்டப் போகும்போது இசை மேலும் மேலும் ஏறிச் சட்டென்று நின்றுவிடும். ஒரு முழு மௌனம். அதற்குப் பிறகு நான்கு தாள்கள் இருந்தன. அவற்றை அடுத்த கிழமை பார்ப்போம் என்று மூடி வைத்தோம்.

அந்தக் கிழமைதான் இராணுவம் நெருங்கிவர, யாழ்ப்பாணமே எழுந்து சாவகச்சேரிப் பக்கம் நடந்தது. மழைக்குள் ஜெனிற்றாவைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு அக்கா மானிப்பாய் வீட்டுக்கு வந்தார். "புத்தகத்தைக் கிழிப்பம். உன்ரை பகுதியை நீ கொண்டு போ, என்ரையை நான் கொண்டு போறன்" என்றார். கிழிக்கத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது: ஒவ்வொரு தாளிலும் ஒரு முகம் அவருடையது, மறுமுகம் என்னுடையது. பங்கு பிரிக்க முடியாது. அந்த அவலத்திலும் இருவருக்கும் சிரிப்பு வந்தது. "அப்ப நானே கொண்டு போறன்" என்று துணிமூட்டைக்குள் வைத்தார். நான் சில மாதங்களில் திரும்பிவிட்டேன். அவர் வன்னிக்குப் போனார்.

பதின்மூன்று, பதினான்கு வருடங்கள் கழித்து, போர் முடிந்து, முகாமிலிருந்து விடப்பட்டு அவர் வந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தார். மகளும் புத்தகமும் மிஞ்சியிருந்தன. புத்தகத்தில் அந்தக் கடைசி நான்கு தாள்களும் இல்லை.

"எரிச்சுப்போட்டன் கௌரி. ஊசி அவிக்கத் தண்ணி கொதிக்க வைக்க வேணும், விறகெல்லாம் ஈரம். முன்னுக்கு உள்ளது எங்களுக்குத் தெரிஞ்சது, அதைக் கிழிக்க மனம் வரேல்லை. கடைசியைக் கண்ணை மூடிக்கொண்டுதான் கிழிச்சனான். நான் பாக்கேல்லை."

டொக்டர் குடும்பம் பியானோவை எங்களுக்கே தந்துவிட்டது. அதை லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக் குருநகருக்குக் கொண்டுபோனோம். மீண்டும் ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன. மௌனம் வரை வாசிப்போம், அங்கேயே நிற்போம். ஜெனிற்றா, போனில் தேடினால் எல்லாம் கேட்கலாம் அம்மா என்பாள். அக்கா சம்மதிக்கவில்லை. "மற்றவை வாசிச்சு நான் கேக்க வேண்டாம். நாங்கள் ரெண்டு பேரும் வாசிச்சுத்தான் கேக்க வேணும். சாகமுன்னம் ஒருக்கா."

இரண்டு வருடங்களுக்கு முன் லண்டனிலுள்ள என் பெறாமகன் அந்த நான்கு தாள்களையும் தேடிப் படமெடுத்து அனுப்பினான். மானிப்பாயில் அச்செடுத்து, அக்காவைத் திகைக்க வைக்க வேண்டும் என்று ஞாயிறுக்காகக் காத்திருந்தேன். வெள்ளிக்கிழமை அவருக்குப் பாரிசவாதம் அடித்தது. வலக்கை போய்விட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது தாள்கள் என் பைக்குள் இருந்தன. போர்வைக்கு வெளியே கிடந்த அந்தக் கையைப் பார்த்தேன். பையைத் திறக்கவில்லை. அவர் குழறிக் குழறிச் சொன்னார்: "என்ரை இடக்கை கிடக்கு. உன்ரை ரெண்டும் இருக்கு. மூண்டு கை காணும், அது போதும். ஞாயிற்றுக்கிழமை வா."

"ஓமக்கா, வாறன்" என்றேன்.

நான் போகவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் போனேன், வியாழக்கிழமைகளில் போனேன். மரக்கறிச் சூப் கொண்டுபோனேன், நெல்லிக் கிறஷ் கொண்டுபோனேன். முன் விறாந்தையிலேயே இருந்து கதைத்துவிட்டு பஸ்ஸைப் பிடித்தேன். அவர் ஞாயிறைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் வெங்காயம், மழை, முழங்கால் என்று ஒவ்வொரு சாட்டுச் சொன்னேன். தாள்களைக் காட்டினால் வாசிக்க வேண்டிவரும். வாசித்தால், இனி அவரால் முடியாது என்று இருவருக்கும் தெரிந்துவிடும். அவருடைய மனம் நோகக்கூடாது என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். நோகப் பயந்தவள் நான்தான். அந்தக் கோழைத்தனம் இரண்டு வருடம் நீடித்தது.

செத்தவீட்டில் ஜெனிற்றா என்னைப் பியானோ இருந்த அறைக்குள் கூட்டிப் போனாள். "ஒவ்வொரு ஞாயிறும் மூண்டு மணிக்கு இதிலை வந்து இருப்பா அன்ரி. வலப்பக்கம்தான். நடுவுக்கு வாங்கோ எண்டால், கௌரி வந்தா இடம் வேணுமெண்டு சொல்லுவா. வலக்கை வாசிக்கிறதையெல்லாம் இடக்கையாலை பழகினவா. அம்மாவுக்கு அது வந்திட்டுது, அன்ரி. வடிவா வந்திட்டுது." பிறகு கேட்டாள்: "அந்த இசை கடைசியிலை எப்பிடித்தான் முடியும்?"

நான் பையிலிருந்து தாள்களை எடுத்தேன். எப்போது கிடைத்தன என்பதையும் சொன்னேன்.

"ஏன் அன்ரி காட்டேல்லை?"

அதட்டிக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் மெதுவாகத்தான் கேட்டாள். தாள்களை நீட்டினேன். அவள் தன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "நீங்களே வைச்சிருங்கோ. எனக்கு அதைப் பாக்கேலாது" என்று சொல்லிவிட்டு, அழுகிறவர்களிடம் போய்விட்டாள்.

இமெல்டா அக்கா, நேற்று நான்தான் முன்னால் புரட்டிப் பார்த்தேன். மௌனத்துக்குப் பிறகு முதல் மெட்டு திரும்பி வருகிறது. உங்களுடைய பகுதியில்தான் வருகிறது. ஒரு கை போதும். இடக்கையாலேயே வாசித்திருப்பீர்கள். அதன்பிறகு அதிக நேரமில்லை. கடைசிச் சுரங்கள் பெரிதாக எழுந்து அந்த இடத்திலேயே தணிந்துவிடுகின்றன. இரண்டு பக்கமும் ஒன்றாக நிற்கின்றன. தாளில் அப்படித்தான் இருக்கிறது. காதால் நான் கேட்கவில்லை, இனிக் கேட்கப் போவதுமில்லை. மூன்று கை போதுமாகத்தான் இருந்தது, அக்கா. போய்வாருங்கள்.