வலது காலுக்கு மட்டும் எடுத்த அளவு

ஈரத்தோலும் பசையும் கலந்த வாடை... அதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சந்தில், தோல் காலணி தைக்கும் அந்தோணி அண்ணனின் சப்பாத்துப் பட்டறை. எனக்குக் கப்பல் கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை கிடைத்திருந்தது. சப்பாத்து இல்லாமல் அந்த ஆபீஸ் படியேற முடியாது.

சின்ன வயதில் வந்த காய்ச்சலில் என் இடது பாதம் சிறுத்துப்போனது. நடையில் லேசாகத்தான் தெரியும். வேட்டியை இறக்கிக் கட்டியே வளர்ந்தவன் நான்.

அண்ணன் தரையில் பழுப்புக் காகிதத்தை விரித்தார். வலது காலை வைத்தேன். குதிகாலைச் சுற்றி, விரல்களைச் சுற்றிப் பென்சில் கூச்சமூட்டியபடி ஓடியது. பக்கத்துப் பெஞ்சில் எங்கள் ஆபீஸின் பெரிய கிராணி மாணிக்கம் காத்திருந்தார்.

"அடுத்த கால், தம்பி."

"ரெண்டும் ஒண்ணுதான் அண்ணே. இதையே திருப்பிப் போட்டு வெட்டிடுங்க."

"ஒவ்வொரு காலும் ஒரு மாதிரி இருக்கும் லா. அளந்துடுவோம்."

நான் எழுந்துவிட்டேன்.

சப்பாத்து பளபளவென்று வந்தது. இடதில் கந்தல் துணியைத் திணித்துக்கொண்டு வேலைக்குப் போனேன். முதல் நாளே, காகிதக் கட்டோடு மாடிப்படி இறங்கும்போது இடது சப்பாத்து கழன்று உருண்டது... கீழ்ப்படியில் கந்தல் சிதறிக் கிடந்தது. எழுதிக்கொண்டிருந்த எல்லோரும் நிமிர்ந்தார்கள். என் சிறிய பாதம் வெறுமையாக நின்றது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மாணிக்கம் கந்தலைப் பொறுக்கிச் சப்பாத்துக்குள் வைத்து, படியேறி வந்து என் காலருகே வைத்தார். வேறு பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"மெதுவா போட்டுக்க தம்பி. அவசரமில்ல."

காது இரண்டும் எரிந்தன. சாயங்காலம் வரை தலை நிமிரவில்லை.

வேலை முடிந்ததும் பட்டறைக்குப் போனேன். அந்தோணி அண்ணன் கதவைப் பாதி சாத்திவிட்டுக் காகிதத்தை விரித்தார். வரைந்து முடித்த இரண்டு காலின் வடிவமும் அருகருகே கிடந்தபோது என்னால் பார்க்க முடியவில்லை. மற்றவர்களின் காகிதங்கள் சுவரில் ஆணியில் தொங்கும். என்னுடையதை அவர் மடித்துப் பெட்டிக்குள் வைத்தார்.

அந்த அளவுக்கு அவர் தைத்துத் தந்த புதுச் சப்பாத்தில் நான் பல வருடம் நடந்தேன்.

இப்போது கடையில் நம்பரைச் சொன்னால் போதும். காலைக் காட்டச் சொல்லி யாரும் கேட்பதில்லை. இரண்டு சைஸில் இரண்டு ஜோடி வாங்கி, ஜோடிக்கு ஒன்றாக எடுத்துப் போட்டுக்கொள்கிறேன். ஏன் ரெண்டு சைஸ் என்று கடைப்பெண் கேட்டால், ஒன்று தம்பிக்கு என்கிறேன்.

எனக்குத் தம்பி கிடையாது.