எட்டு எம்.எம். சல்லடையும் லொடலொடத்த ஷாஃப்டும்

இன்று பட்டறையில் தலைகுனிந்து நின்றேன். கேட் (CAD) சாப்ட்வேரில் இயந்திர வரைபடம் போடுகிறவர்கள் கொஞ்சம் படியுங்கள்.

ஏலக்காய் தரம் பிரிக்கும் உருளைச் சல்லடையின் படம் என்னுடையது. குரங்கணியில் தோட்டம் வைத்திருக்கும் முருகேசண்ணன், ஏழு எம்.எம். துளையை எட்டாக்கித் தரச் சொன்னார். ஒரே ஓர் எண்ணைத்தான் மாற்றினேன். மற்ற அளவெல்லாம் தானாகவே மாறிக்கொண்டது. தப்பு என்று காட்டும் சிவப்புக் குறி ஒன்றும் வரவில்லை. அப்படியே தகடு வெட்டக் கொடுத்துவிட்டேன்.

காலையில் பட்டறைக்காரர் காதர் அண்ணன் போன் செய்தார்.

“ஏம்மா, சல்லடை சரியாத்தான் இருக்கு. பக்கத் தகட்டுல ஷாஃப்ட்ட மாட்டுனா லொடலொடன்னு ஆடுதே?”

போய் அளந்தேன். சல்லடையைச் சுழற்றும் தண்டு நுழைகிற ஷாஃப்ட் துளை, முப்பத்தைந்து எம்.எம். இருக்க வேண்டியது, நாற்பது இருந்தது.

படத்தைத் திறந்தால், போன வருஷம் நானேதான் அங்கே முப்பத்தைந்து என்று போடாமல் ‘சல்லடைத் துளை × 5’ என்று எழுதியிருக்கிறேன். அன்றைக்கு ஏழைந்து முப்பத்தைந்து என்று கணக்கு பொருந்தியதும் என்னையே கெட்டிக்காரி என்று நினைத்திருப்பேன்.

முருகேசண்ணன் பட்டறை வாசலிலேயே நின்றார். “காயெல்லாம் பிரிக்காமக் கெடக்கும்மா. நாளைக்கு ஏலத்துக்கு லோடு ஏத்தணும். வெரசா ஏதாச்சும் பண்ணுங்க.”

புதுத் தகடு வர மூன்று நாளாகும். இடைவெளியை அடைக்க காதர் அண்ணன் லேத்தில் புஷ் என்கிற உலோக வளையம் கடைகிறார். கடைந்துகொண்டே கேட்கிறார்:

“தப்புன்னு கம்ப்யூட்டரு சொல்லலையாம்மா?”

“இல்லண்ணே. நான் சொன்னதத்தான் செஞ்சிருக்கு.”

எண்ணை மாற்றும் முன் அதை நம்பி எந்தெந்த அளவு இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பழைய கெட்டிக்காரத்தனம் ஏதாவது அகப்பட்டால் கீழே எழுதுங்கள். இந்தப் பட்டறையில் நான் மட்டும் தனியாகத் தலைகுனிந்து நிற்கிறேன்.