அண்ணன் ஏறாத கப்பல்

அண்ணன் எங்களைவிட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் மற்றவர்கள் அவருடைய பொறுமையைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். தங்கையாகிய நான் அவருடைய கோபத்தைப் பற்றி எழுதுகிறேன்.

காங்கேயத்தில் எண்ணெய் ஆலைத் தொழிலாளியின் மூத்த மகனாகப் பிறந்தவர் அண்ணன். அப்பா சீக்கிரமே காலமாகிவிட, படிப்பை நிறுத்திவிட்டுத் திருப்பூர் காதர்பேட்டையில் பனியன் பார்சல் அனுப்பும் கடையில் சேர்ந்தார். என்னைக் கட்டிக்கொடுத்தவர் அவர்தான். ஐம்பதுகளில் இங்கிருந்து பினாங்குக்குப் பிழைக்கப் போனவர்கள் ஏராளம். அவர்களுக்கு டிக்கெட் எடுத்துத் தரும், ஒரு கப்பல் கம்பெனியின் ஏஜெண்டாகவும் அண்ணன் ஆனார்.

தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிச் சென்ற பழைய நீராவிக் கப்பல்களோடு தொடங்கிய கம்பெனி அது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெரிய உல்லாசக் கப்பல் ஒன்றை வாங்கியது. மேல்தளத்தில் நீச்சல்குளம், நடன மண்டபம், மெத்தை போட்ட அறைகள். கீழ்த்தளத்தில் பாய் விரித்துப் படுக்கும் டெக் பயணிகள். கம்பெனி பிழைத்தது கீழ்த்தளத்து மனிதர்களால். காலண்டரில் படம் போட்டதோ மேல்தளத்தை மட்டும்.

அறுபதுகளில் பணக்காரர்கள் விமானத்துக்கு மாறினார்கள். மேல்தளம் காலியானது. நஷ்டத்தை ஈடுகட்டக் கம்பெனி கீழ்த்தளத்தில் ஆட்களைக் குறைத்து வெங்காய மூட்டைகளை ஏற்றத் தொடங்கியது.

அந்தச் சமயத்தில்தான் நெடுநாள் ஏஜெண்டு என்று அண்ணனுக்கும் அண்ணிக்கும் இலவசமாக மேல்தளத்து அறை ஒன்று கிடைத்தது. அண்ணி புதுப்புடவை எடுத்தார்கள். அதே கப்பலில் வேலம்பாளையத்து ஆயிஷாவும் இரண்டு பிள்ளைகளோடு கிளம்பினார். அவர் கணவர் பினாங்கில் தையற்கடை வைத்திருந்தார். குடும்பம் அங்கே போய் இறங்க அந்நாட்டு அரசாங்கம் தந்த அனுமதி அம்மாதத்தோடு முடிவதாக இருந்தது. டிக்கெட் எடுத்துத் தந்தவர் அண்ணன்.

சென்னைத் துறைமுகத்தில் கம்பெனி அதிகாரி ஆயிஷாவைத் தடுத்தார். “டெக்கில் இடமில்லை. அடுத்த கப்பலில் போகட்டும்.”

“ஏனுங்க, அடுத்த கப்பல் வர்றதுக்குள்ள இவங்க பர்மிட் முடிஞ்சு போயிருமுங்க. மேல அத்தனை ரூமு சும்மாத்தான கெடக்குது?” என்றார் அண்ணன்.

“டெக் டிக்கெட்டை மேலே ஏற்ற விதி இல்லை.”

“அப்ப எங்க ரூமை அவங்களுக்குக் குடுத்துருங்க. நாங்க போகலீங்க.”

“உங்கள் பெயருக்குக் கொடுத்ததை மாற்ற முடியாது, சார். நீங்கள் ஏறுங்கள், நேரமாகிறது.”

அண்ணன் ஒவ்வொரு மேசையாகப் போய்க் கெஞ்சினார். கத்தினார். யாரும் அசையவில்லை. கிரேன் வெங்காய மூட்டைகளைத் தூக்கிக்கொண்டே இருந்தது.

“நீங்க போயிட்டு வாங்கண்ணே, எங்களுக்காக நிக்காதீங்க” என்றாராம் ஆயிஷா. அண்ணிதான் பெட்டியைக் கையில் எடுத்தார்கள். “வாங்க, எல்லாரும் ஊட்டுக்குப் போலாம்.” காலி அறைகளோடு கப்பல் போனது.

அனுமதி காலாவதியானது. அதைப் புதுப்பிக்க அண்ணன் போகாத அலுவலகம் இல்லை. கடைசியில் ஆயிஷாவின் கணவரே பினாங்குக் கடையை விற்றுவிட்டுத் திரும்பி வந்தார். வேலம்பாளையத்தில் அவருக்குத் தையல் மெஷின் போட இடம் பிடித்துக் கொடுத்தார் அண்ணன். ஏஜெண்டு பலகையைத் தம் கையாலேயே கழற்றிப் போட்டார்.

சென்ற ஆண்டு அந்தக் கம்பெனியும் மூடப்பட்டது. கப்பலை உடைக்க விற்றுவிட்டார்கள். செய்தித்தாளில் நடன மண்டபத்தைப் புகழ்ந்து பெரிதாக எழுதியிருந்தார்கள். நெஞ்சுவலியோடு படுத்திருந்த அண்ணன் என்னை அதைப் படிக்கச் சொன்னார். முடித்ததும், “கீழ படுத்துட்டுப் போன சனத்தப் பத்தி ஒரு வரி இருக்குதா கண்ணு?” என்று கேட்டார். இல்லை என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சில வாரங்களில் காலமானார்.

நோயில் உடனிருந்த அண்டை வீட்டாருக்கும், கடையடைத்துவிட்டு வந்த காதர்பேட்டை வியாபாரிகளுக்கும், துக்க நாட்களில் எங்கள் வீட்டில் உலை வைக்க விடாமல் சோறு கொண்டுவந்த ஆயிஷா குடும்பத்தாருக்கும் எங்கள் நன்றி. அண்ணன் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார் என்று பலரும் எங்களுக்கு ஆறுதல் சொல்கிறீர்கள். இல்லை. அவர் கோபத்தோடுதான் போனார். அந்தக் கோபம் நியாயமானது.