தூக்கத்துக்கு ஒரு டிராக்டர்

அம்மையார்குப்பம் கண்ணையனுக்கு விவசாயம் தெரியாது. அதில் அவருக்கு வெட்கமும் கிடையாது. பிறந்தது தறி வீடு, வளர்ந்தது தறி வீடு, பெண் கட்டினதும் தறி வீட்டில். அப்பேர்ப்பட்ட மனுஷன் தலை நரைத்த பிறகு கே.ஜி.கண்டிகையில் அரை ஏக்கர் நிலமும் ஓர் ஓட்டை டிராக்டரும் வாங்கினால் ஊர் சும்மா இருக்குமா? "ஆளுக்கு இன்னாவோ ஆயிடுச்சு" என்றது. ஆகத்தான் செய்திருந்தது. அவருக்குத் தூக்கம் போயிருந்தது.

விசைத்தறி வீட்டில் இருந்து பார்க்காதவர்களுக்கு இது விளங்காது. கூடத்தில் நாலு தறி, டடக் டடக் என்று ராப்பகலாக அடிக்கும். பக்கத்திலேயே பாயை விரித்துக் குழந்தை குட்டிகளோடு தூங்குவார்கள். சத்தம் யாரையும் எழுப்பாது. சத்தம் நின்றால்தான் அத்தனை பேரும் விழுந்தடித்து எழுவார்கள். நின்றதென்றால் கரண்ட் போயிற்று, வேலை போயிற்று. "கரண்ட் போச்சா?" என்று கேட்டுக்கொண்டுதான் அந்த வீட்டில் கண்ணையே திறப்பார்கள்.

மகன் டில்லிபாபு அந்தத் தறிகளைத் தூக்கிவிட்டு, ஊருக்கு வெளியே ஷெட் போட்டுப் புதுத் தறி வைத்தான். அதெல்லாம் ஒரு தறியா? உஸ் உஸ் என்று பூனை மாதிரி மூச்சு விடுகிறது. "இனிமேட்டு நிம்மதியா தூங்கு நைனா" என்றான் பிள்ளையாண்டான். குடி முழுகிப் போச்சு! அன்றைக்குப் போன தூக்கம் கண்ணையனுக்குத் திரும்பவில்லை. அவர் பெண்டாட்டி பிரேமாவுக்கும் திரும்பவில்லை. அது போதாதென்று, இத்தனை வருஷமும் தறிச் சத்தத்தில் ஜாடையிலேயே குடும்பம் நடத்தினவர்களுக்கு ஒருவர் பேச்சு மற்றவர் காதில் முழுசாக விழ ஆரம்பித்தது. தினமும் சண்டை.

கசகசாப் பால் குடித்தார், மாத்திரை போட்டார், ஒன்றும் பலிக்கவில்லை. திருத்தணி மலையேறி, "முருகா, தூக்கத்தக் குடு, மொட்ட போட்டுக்கறேன்" என்று வேண்டிக்கொண்டார். திரும்புகிற வழியில் கே.ஜி.கண்டிகை டீக்கடை பெஞ்சில் பஸ்ஸுக்காக உட்கார்ந்தார். எதிரே ஒரு கிழட்டு டிராக்டர் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. டடக் டடக். அதே தாளம். வந்த பஸ்ஸெல்லாம் போயிற்று. டிராக்டருக்குச் சொந்தக்காரர் சிங்காரம் டீயைக் குடித்துவிட்டு வந்து, ஊர்க்கதை பேசி, கடைசியாக இன்ஜினை நிறுத்தியபோதுதான் கண்ணையன் துள்ளி எழுந்தார்.

"இன்னா வெலைங்க இது?"

"அய்ய, வேணாங்க. இது ஏர் ஓட்டறது கம்மி, சத்தம்தான் ஜாஸ்தி."

"அந்த சத்தம்தாங்க எனுக்கு வேணும்."

நிலமில்லாதவனுக்கு டிராக்டர் எதற்கு என்று பிரேமா பிடித்துக்கொள்வாளே! அதற்காகச் சிங்காரத்தின் கரும்புத் தோட்டத்தை ஒட்டியே அரை ஏக்கரையும் வாங்கிப் போட்டார். வேண்டுதல்படி மொட்டை போட்டுக்கொண்டு, மலையடிவாரத்தில் வண்டிக்குப் பூஜையும் போட்டார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, "வண்டிய எடுங்கோ" என்றார் குருக்கள். யார் எடுப்பது? கண்ணையன் ஸ்டீயரிங் மேல் மொட்டைத் தலையைச் சாய்த்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

கழனியிலும் அதே கதைதான். முதல் நாளே டிராக்டர் தூங்குகிற மனுஷனைச் சுமந்துகொண்டு சிங்காரத்தின் கரும்பில் புகுந்தது. "யோவ், நின்ன எடத்துலயே ஓடவுட்டுத் தூங்கேன்யா!" என்று கத்தினார் சிங்காரம். கண்ணையன் ஒத்துக்கொள்ளவில்லை. "சும்மா ஓடவுட்டா பாவங்க. வேலையும் நடக்கணும் இல்ல?" நூலில்லாமல் வெறுந்தறி ஓட்டி அறியாத பரம்பரையாயிற்றே. கடைசியில் கரும்பைக் காப்பாற்றச் சிங்காரமே ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக ஒடித்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். அதன்பிறகு வண்டி தன்னால் வட்டமடித்தது. மேலே கண்ணையன் தூங்கினார். அகல உழுவதைவிட ஆழ உழு என்பார்கள். வட்டமாக உழு என்று எந்தப் பெரியவரும் சொல்லி வைக்கவில்லை. விதைத்த வேர்க்கடலை, முறுக்குப் பிழிந்த மாதிரி முளைத்தது. முளைத்ததை மறுநாளே அவர் தூக்கத்தில் உழுதுவிட்டார்.

சாயங்காலமானால் தெளிந்த முகத்தோடு வீட்டுக்கு வருவார். பிரேமாவுக்கு வயிறு எரிந்தது. "நான் கொட்டக் கொட்ட முழிச்சினு கெடக்கறேன், நீ மட்டும் மாப்ள மாதிரி மினுக்கினு வர்றியா? ஒரு கடலையாவது ஊட்டுக்கு வந்துச்சா? நாளைக்கே அத எடைக்குப் போடறேன், பாரு!"

சொன்னால் செய்கிறவள். கண்ணையன் விடிந்ததும் கழனிக்கு ஓடினார். "அது பூட்ச்சினா நான் செத்தேங்க" என்று சிங்காரத்திடம் அழாத குறையாகச் சொன்னார். இன்றைக்குக் கண்ணை மூடவே கூடாது, வண்டியைக் காவல் காக்க வேண்டும் என்று சபதம் போட்டுக்கொண்டு மேலே ஏறினார். ரெண்டாவது சுற்றில் தலை தொங்கிவிட்டது.

அப்புறம் நடந்ததைச் சிங்காரம் சொல்லித்தான் அவருக்கே தெரியும். பிரேமா பழைய இரும்புக்காரன் சுதாகரையும் அவன் வண்டியையும் கூட்டிக்கொண்டு உச்சி வெயிலில் வந்து இறங்கினாள். "இன்னாய்யா! எழுந்துர்றியா இல்லியா?" என்று டிராக்டர் பின்னாலேயே ஒரு சுற்று ஓடினாள். அது நிற்கிறதாக இல்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தாவி மட்கார்டில் ஏறி உட்கார்ந்தாள். புருஷன் தோளைப் பிடித்து உலுக்கினாள். மறுபடி உலுக்கினாள். அப்புறம் கை தோளிலேயே நின்றுவிட்டது. அவள் தலையும் மெல்லச் சாய்ந்தது.

சுதாகர் "எம்மா, எம்மா" என்று கூடவே ஓடிப் பார்த்தான். நாக்குத் தள்ளி வரப்பில் உட்கார்ந்துவிட்டான். டிராக்டர் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு சுற்றியது, சுற்றியது, டீசல் தீருகிறவரைக்கும் சுற்றியது. தீர்ந்ததும் ரெண்டு உதறு உதறி நின்றது.

"கரண்ட் போச்சா?" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்திக்கொண்டு எழுந்தார்கள்.

சுதாகர் கிட்டே வந்தான். "ஏத்திடலாமாம்மா?"

கண்ணையன் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். பிரேமா வாயோரத்தை முந்தானையால் துடைத்தாள்.

"இன்னாத்த ஏத்துறது? வண்டிலதானே வந்துகிறே? போயி ஒரு கேன் டீசல் புடிச்சினு வா."

மட்கார்டை விட்டு அவள் இறங்கவில்லை.