வறண்ட ஊசி

பரிசோதனைக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் சாயக்கா. முப்பத்தோரு வருடமாக எலும்பு மஜ்ஜைக்குச் சாயம் ஏற்றுவதுதான் வேலை. இடுப்பெலும்பில் ஊசி இறக்கி டாக்டர் உறிஞ்சும்போது கண்ணாடித் தகடுகளோடு பக்கத்தில் நிற்பாள். வருவதை ஒரே இழுப்பில் தகட்டில் பரப்புவாள். பிறகு அதே இடத்திலிருந்து எடுக்கும், தீக்குச்சி கனமுள்ள எலும்புத் துண்டை அளந்து, தகட்டில் நாலு இடத்தில் ஒற்றி, பார்மலின் புட்டியில் போடுவாள். அந்த மாதம் பத்தாம் தேதி வரை அவள் கை வழியே போனவை பதினோராயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.

சில சமயம் எவ்வளவு இழுத்தாலும் ஊசியில் ஒன்றும் வராது. புதிதாக வரும் டாக்டர்கள், ஊசி சரியாக இறங்கவில்லை என்பார்கள். சாயக்காவிடம் அந்தப் பேச்சு எடுபடாது. "கிணத்துல தண்ணி இல்லன்னா வாளிய ஏன் சார் திட்டுறீங்க?" என்பாள். மஜ்ஜை என்பது இரத்த அணுக்கள் மட்டுமல்ல. அவற்றைப் பிறப்பித்து வளர்க்கிற தாங்கு செல்கள், மெல்லிய குழாய்கள், கொழுப்பு எல்லாம் சேர்ந்த ஒரு வீடு அது. கெட்டுப்போன அணுக்கள் சில, அந்தத் தாங்கு செல்களைத் தூண்டித் தூண்டி நார் உண்டாக்க வைக்கும். வீடு முழுக்க நார் அடைத்துவிட்டால் ஊசியில் என்ன வரும்?

அதனால் ஏட்டில் இரண்டு சொற்களை அவளே வழக்கமாக்கியிருந்தாள். எலும்புத் துண்டு சிறிதாகப் போனால் 'போதாது'. ஆளைத் திரும்ப வரவழைத்து மறுபடி எடுப்பார்கள். துண்டு நன்றாக இருந்து, உறிஞ்சும்போது மட்டும் ஒன்றும் வராவிட்டால் 'வறட்சி'. அந்தத் துண்டு வெள்ளிச் சாயத்துக்குப் போகும். அந்தச் சாயத்தில் நார் கறுப்பாகத் தெரியும்.

பதினோராம் தேதி காலை ஒன்பது இருபதுக்கு மேசைமேல் குப்புறப் படுத்திருந்தவன் அவள் தம்பி. சுவருக்கு வண்ணம் அடிக்கிறவன். எட்டு மாதமாக ஏணியில் ஏறினால் மூச்சு வாங்கியது. இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் வீங்கிக் கல் மாதிரி இருந்தது.

"சுரண்டி முடிச்சதும் பட்டி பூசி விட்டுடச் சொல்லுக்கா," என்றான். டாக்டர் சிரித்துவிட்டார்.

மூன்று முறை இழுத்தார். ஒன்றும் வரவில்லை. எலும்புத் துண்டு மட்டும் முழுசாக வந்தது. சாயக்கா அளந்தாள்: பதினாறு மில்லிமீட்டர். ஒற்றாமலே புட்டியில் போட்டாள். ஏட்டில் அளவை எழுதி, பக்கத்தில் 'போதாது' என்று எழுதினாள். எழுத்து வழக்கம்போல் நேராகவே இருந்தது. சாயக்காவின் ஏட்டை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. புட்டி, மறுபடி எடுக்க வேண்டியவர்களின் தட்டில் போய் நின்றது.

தம்பி மறுபடி வரவில்லை. இரண்டு வாரம் பொறுத்து அவள் போன் செய்தாள்.

"மூணு நாள் குனிய முடியலக்கா. எடுக்கத் தெரியாத ஆள்கிட்ட இன்னொரு தடவை எலும்ப நீட்ட எனக்கென்ன கிறுக்கா?"

"டேய், சொன்னா கேளுடா. வந்துட்டுப் போ."

"நீ பக்கத்துல நின்னே வரல. இனி யார் நின்னு வரப்போகுது?"

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. சொல்லாமல் போனை வைத்தாள். அவன் வராவிட்டால் நோய்க்குப் பெயர் கிடைக்காது. பெயர் இல்லாமல் மருந்து கிடைக்காது. வீக்கம் மட்டும் தன்பாட்டில் வளரும்.

முப்பதாம் தேதி காலை எட்டு ஐந்துக்குப் புட்டியையும் ஏட்டையும் பெரிய டாக்டரம்மாவின் மேசையில் வைத்தாள். 'போதாது' மேல் ஒற்றைக் கோடு இழுத்து, 'வறட்சி' என்று எழுதி, அன்றைய தேதியும் கையெழுத்தும் போட்டிருந்தாள்.

"பதினாறு மில்லின்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்புறம் எப்படிப் போதாது?"

"போதும்மா. அன்னைக்கே போதும்."

டாக்டரம்மா அவள் முகத்தைப் பார்த்தார். "யாரு?"

"தம்பி."

"சாயம் வேற யாராவது போடட்டும்."

"நானே போடறேம்மா."

எலும்பு அமிலத்தில் இளக இரண்டு நாள், மெழுகில் பதிய ஒரு நாள். பிறகு சீவி, வெள்ளிச் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்தாள். கறுப்பு நார் குறுக்கும் நெடுக்குமாக, கட்டுக் கட்டாக ஓடியது. இடுக்குகளில் அணுக்கள் நசுங்கிக் கிடந்தன. நார் அடைப்பின் கடைசி நிலை. அவளுக்கு அழுகை வரவில்லை. லென்ஸைத் துடைத்து மூடினாள். டீ ஆறிப்போயிருந்தது. அதையும் குடித்தாள்.

நாலாம் தேதி மத்தியானம் தம்பி வேலை செய்த காலி வீட்டுக்குப் போனாள். அவன் ஏணியின் இரண்டாம் படியில் உட்கார்ந்திருந்தான்.

"ஊசி சரியாத்தான் இறங்குச்சு. உள்ள நார் அடைச்சிருக்கு. இரத்தம் ஊற அங்க இடமில்ல, மண்ணீரல்ல போய் ஊறுது. பிளட் கேன்சர் வகைலதான் சேருது."

அவன் உருளையை வாளிக்குள் வைத்தான். "சுவர் இருந்தாத்தான் சித்திரம்னு சும்மாவா சொன்னாங்க. மாத்திப் பூச முடியுமா?"

"மாத்திரையில வீக்கம் குறையும். அடியோட மாத்தணும்னா இன்னொருத்தர் மஜ்ஜை வேணும். அது பிடிச்சா நாரும் மெதுவாக் கரையும். என்னோடது உனக்குப் பொருந்துதான்னு பாக்க இரத்தம் குடுத்துட்டேன். நாலுல ஒரு பங்குதான் வாய்ப்பு."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"பதினோராம் தேதி. ஒன்பது இருபதுக்கு."

"இருபத்தி நாலு நாளு."

"ஆமா."

"அந்த டாக்டர ஊர் பூரா திட்டித் தீத்துட்டேன்."

"நான் அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன்."

"அந்த நாளுங்களால கெட்டுப்போச்சா?"

"இல்லன்னு டாக்டரம்மா சொன்னாங்க." அதைத் தான் நம்புகிறாளா என்று அவள் சொல்லவில்லை.

வாளியைக் காலால் ஓரமாகத் தள்ளி வைத்தான். பிறகு, "எப்ப வரணும்?" என்றான்.

"நாளைக்கு எட்டேகாலுக்கு. பொருத்தம் பாக்க உன் இரத்தமும் எடுக்கணும்."

"வரேன். ஆனா நீ பக்கத்துல நிக்காத. வெளிய உக்காரு."

"சரிடா."

அவள் படியிறங்கிப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள். மணி மூன்று நாற்பது.