ரோஹிணியின் பாட்டுக்கு ஒரு ஸ்டீல் கிடார்

இடது காலில் சாக்ஸ், வலது காலில் ஒன்றுமில்லை, இடுப்பில் அரை டிராயர். எழுபதை எட்டிப் பிடிக்கப்போகும் வெங்கடநாராயணன் பெடல் ஸ்டீல் கிடார் முன்னால் உட்காருவது இந்தக் கோலத்தில்தான். வேட்டி கட்டினால் முழங்காலால் தள்ளும் நெம்புகோல்கள் அதில் மாட்டிக்கொள்ளும். பவானிபூரில் மூன்றாம் மாடி வீடு. காலைக் காப்பி முடிந்ததும் ஜன்னலைச் சாத்திவிட்டு ஆம்ப்ளிஃபயரைப் போடுவார். அது சூடேறும் வரை மூக்கைக் கிட்டத்தில் வைத்துக்கொண்டிருப்பார். "அந்தப் பழைய வால்வு வாசனை வந்தாத்தான் கைக்குத் தெம்பு வரது" என்பார்.

கிடார் என்று பேரே ஒழிய அது மடியில் ஏறாது. கால் முளைத்த பலகை போல நிற்கும். மேலே பத்துத் தந்தி, கீழே பெடல்கள். இடது கையால் எஃகுக் கட்டையைத் தந்தியின்மேல் வழுக்கினால் சுரம் குழைந்து எழும். பார்க் ஸ்ட்ரீட் ஹோட்டல் ஒன்றின் பாண்டு கலைந்தபோது வாங்கியது. அடியில் கம்பி ஏதாவது ஒடிந்தால் ஃபெர்ரியில் தூக்கிக்கொண்டு ஹவுராவின் லேத் பட்டறைக்குப் போவார். பட்டறைக்காரர்கள் இன்னும் அதைத் தையல் மிஷினின் தூரத்துச் சொந்தம் என்றே நினைக்கிறார்கள்.

இவர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் சேர்ந்த நாளில் தெருவில் இதே போல் கட்டையால் வழுக்கி வாசிக்கும் ஹவாயன் கிடார் வீட்டுக்கு ஒன்று இருந்தது. சாயங்காலமானால் மாடிக்கு மாடி பதில் சொல்லிக்கொள்ளும். இப்போது அந்த மாடிகளில் ஏசி முணுமுணுக்கிறது. "அப்போல்லாம் எக்கோவுக்கு மெஷின் எதுக்கு? எதிர் வீடே போதும்" என்று பெருமூச்சு விடுவார்.

இப்போது மெஷின்தான். லெனின் சரணித் தெரு வாத்தியக் கடைக்காரருக்கு இவரைக் கண்டாலே பாதி சந்தோஷம், பாதி கலக்கம். சோப்பு டப்பா அளவுப் பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார். ரிவர்ப் கூடத்தின் கார்வையைத் தரும். டிலே சுரத்தைத் திருப்பிச் சொல்லும். கம்ப்ரஸர் தேய்கிற சுரத்தைத் தாங்கிப் பிடிக்கும். இவருடைய அகராதி வேறு. "ரிவர்ப் பெருங்காயம் மாதிரி. மணக்கணும், பல்லுல படக்கூடாது."

இத்தனை மெனக்கெடலும் மனைவி ரோஹிணிக்காக. துர்கையை ஆற்றில் கரைத்த பிறகு தெருவே கூடும் விஜயா சம்மிலனியில் வருஷா வருஷம் அவள் பாடுவாள், இவர் வாசிப்பார். காபி ராகத்தில் அவளே மெட்டுப் போட்ட அம்மன் பாட்டு. தமிழில் ஒரு சொல் தெரியாத வங்காளிகள், "பௌதி, சேய் கான்டா!" (அண்ணி, அந்தப் பாட்டு!) என்று அதே பாட்டைக் கேட்டு வாங்குவார்கள். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு அந்தக் குரல் போயிற்று. பேச்சே காற்றாகத்தான் வருகிறது. அதிலிருந்து அவள் பந்தல் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

இந்த வருஷம் அந்தப் பாட்டை ஸ்டீலில் வாசிப்பதாகக் கமிட்டியிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து திருதிருவென்று விழித்தார். ரோஹிணி ஒரே வரியில் முடித்துவிட்டாள். "வேற யாரோ பாடற மாதிரி இருந்தா நான் வரமாட்டேன்." அவள் வராமல் அந்தப் பாட்டை வாசிக்க அவருக்கு மனசில்லை. சம்மிலனியோ நாளைக்கு.

பழைய கேசட்டில் அவள் குரலை ஒரு வரி கேட்பார். நிறுத்திவிட்டு அதே வரியை வாசிப்பார். பிறகு திருகுகளைத் திருகுவார். ட்ரெபிளைக் குறைத்தால் ஜலதோஷம் பிடித்த குரல். கூட்டினால் அவளுடைய அக்காவின் குரல். இன்று காலைதான் கம்ப்ரஸரும் டிலேயும் ஒத்துப்போய், கேசட்டுக்கு ரொம்பக் கிட்டே வந்துவிட்டது. சுரம் எங்கும் அறுபடவில்லை. ஒன்று தேய்வதற்குள் அதன் எதிரொலி அடுத்ததைத் தொட்டது. அவளுக்குக் குரல் போனதிலிருந்து மௌனம் என்றாலே அவருக்குப் பயம். அது எங்கே தலைகாட்டினாலும் ஒரு பெட்டியை வைத்து அடைத்துவிடுவார்.

"ரோஹிணி, இங்க வந்து கேளேன். அசல் நீயேதான்!"

புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். பல்லவி முடிவதற்குள் அவள் முகம் சுருங்கிவிட்டது.

"என்ன, ட்ரெபிள் ஜாஸ்தியா?"

"குரல் சரியாத்தான் இருக்கு" என்றாள் காற்றாக. "ஆனா இவ எப்போ மூச்சு விடறா? கேக்கற எனக்கே முட்டறதுன்னா."

அவர் எஃகுக் கட்டையைத் தந்தியிலிருந்து எடுத்தார். முப்பது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர்தான். அவள் மூச்சு வாங்குகிற இடத்திலெல்லாம் தன் சுரத்தைப் போட்டு நிரப்பியே பழகியவர். அந்த இடங்கள் வெறுமையாக எப்படி இருக்கும் என்று அவர் கேட்டதே இல்லை.

டிலேயை அணைத்தார். கம்ப்ரஸரையும் அணைத்தார். மிச்சமிருந்தது வலது காலடியில் வால்யூம் பெடல் ஒன்றுதான். முன்பாதத்தை அழுத்தினால் சத்தம் எழும், குதிகாலை இறக்கினால் அடங்கும்.

"எங்க நிறுத்தணும்னு சொல்லு" என்று வாசித்து, குத்துமதிப்பாக ஓரிடத்தில் அடக்கினார். இல்லை என்று கையை ஆட்டினாள். இன்னோர் இடம். அதுவும் இல்லை. விளக்கிச் சொல்ல அவளுக்குக் குரலும் இல்லை, பொறுமையும் இல்லை.

ஒரு முக்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவருடைய வலது காலை ஓரமாகத் தள்ளிவிட்டு வால்யூம் பெடலின்மேல் தன் பாதத்தை வைத்தாள். முதுகை நிமிர்த்தி ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு, மெல்ல அழுத்தினாள்.