மாசி போடாத சம்பல்

மரக்கறிச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவளுக்குப் பாதித் தொழில் சமைப்பது, மீதிப் பாதி, "சம்பல்ல மாசி இருக்கா?" என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வது. மாசி என்கிற காய்ந்த மீனை இடித்துப் போடாத மிளகாய்ச் சம்பலை இந்த நாட்டில் யாரும் லேசில் நம்புவதில்லை.

தலவாக்கலை ஸ்டேசனிலிருந்து டவுனுக்கு நடந்து வருகிற வழியில் என் கடை. மீன், முட்டை, இறைச்சி கிடையாது. சமையல் நான், அம்மியும் ரொட்டிக் கல்லும் பாக்கியத்தின் பொறுப்பு. இடுப்பு விட்டுப்போய் தேயிலைக் கொழுந்தெடுக்க முடியாமல் தோட்டத்தை விட்டு வந்தவள் அவள். காய்ந்த செத்தல் மிளகாயை, அவள் வாயில் கொச்சிக்காயை, அவள் அரைத்தால் ரோட்டில் போகிறவர்கள் தும்முவார்கள். நீங்களும் கடை வைத்துச் சீரழிகிறவர் என்றால் இதில் பாதி உங்களுக்கும் நடந்திருக்கும். இல்லையென்றால், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பட்டிருப்பீர்கள்.

வீகன்

எல்ல என்கிற ஊருக்குப் போகிற ரயிலுக்குக் காத்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையை த்ரீவீலர் மணி கடைக்குக் கூட்டி வந்தார். "இந்தப் புள்ள வீகனாம்கா," என்றார். பால், தயிர், நெய், முட்டை, தேன் எதுவும் தொடாதாம். அதுதான் கொள்கையாம். பருப்பில் பால் விட்டிருக்கிறேன் என்று நான் சொன்னதை மணி அப்படியே சொல்லிவிட, அந்தப் பிள்ளை தட்டைத் தள்ளி வைத்தது. தேங்காயை உடைத்துக் காட்டிய பிறகுதான் கை வைத்தது. ரொட்டி, கட்டச் சம்பல், பருப்பு, பலாப்பிஞ்சுக் கறி. மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் ஊற்ற ஊற்ற, விடாமல் சாப்பிட்டது. எப்போதிலிருந்து நீங்களும் வீகன் என்று மணியை விட்டு எங்களைக் கேட்டது.

பாக்கியம் ரொட்டி தட்டுவதை நிறுத்தவில்லை. "எங்க லயத்து வீடுகள்ல எல்லாரும் அதுதான். மாவு, உப்பு, கொச்சிக்கா. பால்மாவக் கடையில பாத்ததோட சரி. எந்தம்பி அதையே தின்னு ரத்தமில்லாமத்தான் செத்தான். சொல்லுங்க அந்தப் புள்ளகிட்ட," என்றாள். மணி கொஞ்சம் யோசித்து ஏதோ சொன்னார். அந்தப் பிள்ளை இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு பாக்கியத்தைப் பார்த்து அழகாகச் சிரித்தது. அது ரயிலுக்குப் போனபிறகு, என்ன சொன்னீங்க என்று மணியைக் கேட்டேன்.

"பரம்பரைப் பழக்கம்னு சொல்லிட்டேன்கா. சாப்புடுற நேரத்துல வேறென்னத்த சொல்றது?"

மிலாறு

கேஸ் சிலிண்டர் கிடைக்காமல் நாடே வரிசையில் நின்ற காலத்தில் நாங்கள் விறகுக்கு மாறினோம். விறகும் லேசில் கிடைக்கவில்லை. கவ்வாத்து வெட்டிய மலைகளில் தேயிலைச் செடியின் காய்ந்த குச்சிகள் கிடக்கும், மிலாறு என்போம். மேல் தோட்டத்திலிருந்து தனம் என்ற பெண் அதைக் கட்டித் தலையில் சுமந்து வருவாள். கூலியாகச் சோறும் கறியும் கேட்டாள். ஒருநாளும் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. பார்சலாகக் கட்டச் சொல்வாள்.

கறியை எவ்வளவு காரமாக வைத்தாலும் அவளுக்குப் பத்தாது. மேலே கொஞ்சம் சம்பல், அதற்கும் மேலே இரண்டு பொரித்த மிளகாய் என்று கேட்டு வாங்குவாள். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு, வயிறு என்னத்துக்கு ஆகும் என்று ஒருநாள் கொஞ்சம் கடிந்தே சொல்லிவிட்டேன். அவள் கோபப்படவில்லை. பார்சலைச் சேலை முந்தியில் சுற்றிக்கொண்டு சொன்னாள்:

"காரமா இருந்தாத்தான்கா புள்ளைங்க கறியக் கொஞ்சமாத் தொட்டுக்குங்க. தண்ணியும் நெறைய குடிக்குங்க. வயிறு ரொம்பிரும்."

காரமில்லாத பார்சல்

மார்க்கெட்டில் மரக்கறி மூட்டை தூக்குகிற ஒருவர் தொடர்ந்து சில நாள் மத்தியானம் வந்து சாப்பாட்டுப் பார்சல்கள் வாங்கிப் போனார். அதில் ஒன்று மட்டும் மிளகாயே படாமல் இருக்க வேண்டும். பருப்பைத் தனியாகத் தாளித்து, கத்தரிக்காயை ஒதுக்கி, கீரையும் அப்பளமும் வைத்துக் கட்டிக் கொடுப்பேன். கூட்ட நேரத்தில் இது ஒரு தொல்லை. அந்தப் பார்சலில் மட்டும் அவரே ஒரு நூலைச் சுற்றி அடையாளம் வைத்துக்கொள்வார்.

ஒருநாள் எரிச்சலும் விளையாட்டுமாக, "அந்த ஒரு சாப்பாடு யாருக்குங்கண்ணே, தொரைக்கா?" என்று கேட்டுவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. விலாசம் கேட்டவருக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னார்:

"மகளுக்குங்க. கொழுந்து எடுக்கையில குளவி கொட்டிப் போய்ச் சேந்துட்டா. கருமாதி வரைக்கும் அவ படத்துக்கு முன்னால ஒரு எல போடுறோம். காரம்னா வாயில வைக்க மாட்டா, மாத்திக் கட்டிறாதீங்க."

டாக்டர் சொன்னது

பாக்கியம் அம்மியில் குனிந்தால் நிமிர முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். கேட்டால், வாய்வு என்பாள். ஒருநாள் கடைக்குப் பின்னால் வாந்தி எடுத்தாள். அதில் ரத்தம் இருந்தது. இழுத்துக்கொண்டு நுவரெலியாவுக்கு பஸ் ஏறினேன். டாக்டர் சிங்களவர், நல்ல மனிதர், சின்ன வயது. வயிற்றில் புண் என்றார். மேலும் பார்க்க வேண்டும், கண்டிக்குப் போங்கள் என்று துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நான்தான் அவளுக்குச் சொன்னேன்: இனிமேல் மிளகாய் கூடாது, புளி கூடாது, வெறும் வயிற்றில் தேத்தண்ணி கூடாது.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். நல்ல பனி. கம்பளிச் சட்டையைக் காதுவரை இழுத்து விட்டுக்கொண்டாள். அழப்போகிறாள் என்று நினைத்து நான் கையைப் பிடித்தேன். அவள் உண்மையிலேயே யோசித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப ரொட்டிய எதத் தொட்டுத் திங்கிறதுன்னு கேட்டீங்களாக்கா?"

சின்ன எலும்பு

அன்றைக்கே நடந்தது இதுவும். வருசம் பூராவும் ஊருக்குச் சமைக்கிறோம், இன்றைக்காவது யாராவது போட்டு நாம் சாப்பிடுவோம் என்று அந்த டவுனில் ஒரு கடைக்குள் போனோம். மரக்கறிக் கொத்து ரொட்டி, மிளகாய் இல்லாமல் என்று இரண்டு தடவை சொன்னேன். வந்தது சிவப்பாக இருந்தது. பாக்கியம் இரண்டாவது வாயிலேயே நிறுத்தி, நாக்கில் தட்டுப்பட்டதை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். எலும்பு.

பரிமாறியவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து, தங்க நகையைப் பார்ப்பது போல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாக்கியத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் வயிறு வலித்து மேசையில் கவிழ்ந்துகொண்டாள். அவர் பயந்துபோனார்.

"எலும்பு கோழியோடதுதாங்க. ஆனா கொத்து மரக்கறிக் கொத்துதான்."

முகாம்

மழை பிடித்தபோது கொத்மலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மண் சரிந்து ஒரு லயம், வரிசை வீடுகள் அத்தனையும், போய்விட்டது. மிஞ்சியவர்களைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். டவுன் கடைக்காரர்கள் ஆளுக்கொரு வேளை சமைத்துக் கொடுத்தோம். இழவு விழுந்த வீடுகள் என்பதால் மரக்கறிச் சாப்பாடுதான் வேண்டும் என்றார்கள். அதனால் பெரும்பாலும் என் தலையில் விழுந்தது. பாக்கியத்தால் வர முடியவில்லை. அம்மி சும்மா கிடந்தது. பாக்கெட் தூளைப் போட்டு ஒப்பேற்றினேன்.

அங்கே கணேசன் என்றொருவர் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். பெண்சாதியையும் இரண்டு பிள்ளைகளையும் இன்னும் தோண்டிக்கொண்டிருந்தார்கள். வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை, தண்ணீர்கூட யாராவது பிடித்துக் கொடுத்தால்தான் என்று அவருடைய அண்ணன் சொன்னார். தட்டை முன்னால் வைத்தேன். யாரும் எதிர்பார்க்காமல் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டார். மென்றார். சுற்றியிருந்தவர்கள் அவருடைய தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பிடி. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். அண்ணன்காரர் சுவரில் சாய்ந்து விம்ம ஆரம்பித்ததும், நான் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றியதும் அவர் வாய் திறந்து இதைச் சொன்ன பிறகுதான்:

"உப்பு சரியா இருக்கு. காரந்தான் பத்தல."

கஞ்சி

பாக்கியம் இப்போது இல்லை. அவள் வயிற்றில் இருந்தது புண் மட்டும் இல்லை என்று கண்டியில் கண்டுபிடித்தபோது, வெட்டி எடுக்கிற கட்டம் தாண்டியிருந்தது. வார்டில் கொடுக்கும் சாப்பாடு இறங்கவில்லை என்றாள். நான் முதல் பஸ்ஸில் கஞ்சி கொண்டு போவேன். பச்சரிசி, பாசிப்பயறு, கொஞ்சம் தேங்காய்ப்பால், உப்பு. மிளகுகூட இல்லை. அவளுக்கு நான் அப்படிச் சமைத்துக் கொடுத்ததே இல்லை; கிண்டும்போது கை தானாக மிளகாய் டப்பாவுக்குப் போகும், இழுத்துக்கொள்வேன்.

கடைசியாக ஊட்டிய நாளில் பக்கத்துக் கட்டில்காரி, ஹட்டன் பக்கத்தவள், நல்ல வாசமா இருக்கே, எந்தக் கடை என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் பாக்கியம் என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடியில் வலுவே இல்லை. மூன்று கரண்டி சிரமப்பட்டு முழுங்கியிருந்தாள், உதட்டோரம் வழிந்ததைத் துடைத்து விட்டேன். தன் முகத்துக்குக் குனியச் சொல்லிக் காதில் சொன்னாள்:

"நம்ம கடைன்னு சொல்லிறாதீங்கக்கா. இப்படிச் சப்புன்னு சமைக்கிறோம்னு தெரிஞ்சா நாளைக்கு ஒருத்தரும் வர மாட்டாங்க."

எந்த உயிரையும் கொல்லாத தொழில் என்று நம்பித்தான் இந்தக் கடையைத் திறந்தேன். சாப்பிட வருகிறவர்களை எதெது கொல்கிறது என்று அகப்பையோடு நின்று பார்ப்பதும் இதே தொழிலில்தான் சேர்த்தி என்று அப்போது யாரும் சொல்லவில்லை.